செஷல்ஸில் வாடகைப் பாய்ப்படகு: காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஷல்ஸ் தீவுகளைச் சுற்றிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குப் பாய்ப்படகு தேவையே இல்லை. முக்கியத் தீவான மாஹேயிலிருந்து பிராஸ்லினுக்கு கேட் கோகோஸ் ஃபெரி ஒரு மணி நேரத்தில் போய்விடும், பிராஸ்லினிலிருந்து லா டீக் இன்னொரு ஃபெரியில் கால் மணி நேரம், இரண்டு தீவிலும் குடும்பங்கள் நடத்தும் சின்ன விடுதிகள் இருக்கின்றன, படகுக்கு ஆகிற செலவில் பாதியில் எல்லாம் முடிந்துவிடும்.

படகு எடுக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு, அது சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் தெரியவரும். பகலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த படகுகள் எல்லாம் கிளம்பிப் போனபிறகு க்யூரியூஸ் தீவின் விரிகுடாவில் நீங்களும் உங்கள் கூட்டமும் இன்னும் ஒன்றிரண்டு படகுகளும் மட்டும் மிச்சம் இருப்பீர்கள். காலை ஆறரைக்கு பிராஸ்லினின் ஆன்ஸ் லாசியோ கடற்கரை மணலில் உங்களுக்கு முன்னால் யாரும் நடந்திருக்க மாட்டார்கள். அந்த சாயங்காலத்துக்கும் காலைக்கும்தான் இவ்வளவு காசு. அது நன்றாக அமைவதும் சொதப்புவதும் பெரும்பாலும் ஸ்கிப்பர், அதாவது படகை ஓட்டுகிறவர், கையில் இருக்கிறது. படகு எந்த மாடல், எத்தனை வருஷப் பழசு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாங்கள் எட்டுப் பேர், கல்லூரிக் கூட்டம், அதில் இரண்டு ஜோடி. எடுத்தது 42 அடி கேட்டமரான், அதாவது இரட்டைக் கூட்டுப் படகு, ஒரு வாரத்துக்கு, ஸ்கிப்பரோடு சேர்த்து. துபாய் வழியாகப் போனோம். விமான டிக்கெட் நீங்கலாக ஆளுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து யாரும் கணக்குப் போட வேண்டாம், அது வெறும் படகுக்கு மட்டும். ஸ்கிப்பருக்கு நாள் சம்பளம் தனி, அவருக்குச் சாப்பாடு நம் பொறுப்பு, டீசல் தனி, படுக்கை விரிப்பும் துண்டும் தனி, திரும்ப ஒப்படைக்கும்போது சுத்தம் செய்ய ஒரு தொகை, கடல் பூங்காக்களில் ஆளுக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம், கடைசியில் ஒரு பெரிய டெபாசிட். டெபாசிட்டை கிரெடிட் கார்டில் யூரோவாகப் பிடித்துவைப்பார்கள், அதனால் கார்டின் வெளிநாட்டு வரம்பை ஊரிலேயே ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் கூட்டத்தில் இருவர் கார்டு அங்கே வேலை செய்யவில்லை, மூன்றாவது கார்டில்தான் போனது.

ஸ்கிப்பர் இல்லாமல் படகை மட்டும் எடுத்து நாமே ஓட்டுகிற முறையும் இருக்கிறது, பேர்போட் என்பார்கள். அதற்கு ஐசிசி என்கிற சர்வதேசப் படகோட்டிச் சான்றிதழ் மாதிரியான உரிமமும் முன்பு எங்கெல்லாம் ஓட்டினோம் என்ற பட்டியலும் கேட்பார்கள். நம்மில் பலரிடம் அது கிடையாது. இருந்தாலும் இந்தக் கடலில் முதல் தடவை போகிறவர்கள் ஸ்கிப்பர் வைத்துக்கொள்வதுதான் சரி என்பேன். இந்தத் தீவுகள் கருங்கல் தீவுகள். மாஹே, பிராஸ்லின், லா டீக், க்யூரியூஸ் எல்லாமே கிரானைட். கரையில் பார்க்கிற அதே யானை உயரப் பாறைகள் தண்ணீருக்கு அடியிலும் கிடக்கின்றன, எல்லாவற்றுக்கும் விளக்கோ அடையாள மிதவையோ இல்லை. அதனால்தான் சூரியன் மறைவதற்குள் நங்கூரம் போட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நாலைந்து டிகிரியில் இருப்பதால் வருஷம் முழுக்க ஏழு மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. மூன்று மணிக்குக் கிளம்பி மெதுவாகப் போய்ச் சேரலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது வாடகை நிறுவனம். பெயரைப் போடப்போவதில்லை. மாஹேயில் ஈடன் ஐலண்ட் என்று கடலை நிரப்பி உண்டாக்கிய ஒரு தீவு இருக்கிறது, மாரினா அங்கேதான். பிற்பகல் படகைத் தருவோம் என்றவர்கள் பொழுது சாயும் நேரத்தில்தான் தந்தார்கள். முந்தைய வாரத்துக் கூட்டம் இறங்கிப்போன ஈரம் படுக்கையில் அப்படியே இருந்தது. அப்புறம் விளக்கம் சொல்ல வந்த பையன் இந்த சுவிட்ச் இது, அந்த வால்வு அது என்று ஓட்டமாக ஓடினான். நாலு கழிவறையில் ஒன்றில் பம்ப் இழுக்கவில்லை, டிங்கி என்கிற குட்டிப் படகின் எஞ்சின் பத்துத் தடவை கயிறு இழுத்தால் ஒரு தடவை கிளம்பியது. முங்கி நீந்த முகமூடியும் துடுப்புக் காலணியும் தந்தார்கள், பாதி பெரிய ஆட்களுக்குப் போதாது. சொன்னால் எழுதிக்கொண்டார்கள். பம்பைச் சரிசெய்ய ஆளை மறுநாள் பிராஸ்லினுக்கே அனுப்பினார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். டிங்கி எஞ்சின் கடைசிவரை அப்படியேதான். டிங்கி சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நங்கூரம் போட்ட இடத்திலிருந்து கரைக்குப் போக அது ஒன்றுதான் வழி, அது மக்கர் செய்தால் முதுகு போய்விடும், துடுப்பு போட வேண்டும்.

சரி, ஸ்கிப்பர். லா டீக்காரர், ஐம்பது தாண்டியிருக்கும், அதிகம் பேசமாட்டார். படகில் ஏறியதும் முதல் வேலையாக எஞ்சின், பாய் பக்கமெல்லாம் போகவில்லை, எங்கள் சமையல் சாமான் பைகளைத் திறந்து பார்த்தார். அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்துப் போடச் சொன்னார், அட்டையின் மடிப்பில்தான் கரப்பான் முட்டை வருமாம். இந்த ஆள் சரிப்பட்டு வருவார் என்று அப்போதே பட்டது.

சாமான் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. தலைநகர் விக்டோரியாவில் நடந்தே சந்தைக்குப் போகலாம். மீன், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பட்டை எல்லாம் கிடைக்கும். பட்டை மரம் மாஹே மலையில் தானாகவே காடாக வளர்ந்துகிடக்கிறது. காய்கறி விலைதான் கண்ணைக் கட்டும், பெரும்பாலும் இறக்குமதி. புளிக்கும் சாம்பார் பொடிக்கும் தமிழர் கடைகள் இருக்கின்றன. கடைப் பலகைகளில் பிள்ளை, செட்டி, நாயுடு என்று பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம், தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். 1770ஆம் வருஷம் இங்கே முதன்முதலில் குடியேற வந்தவர்கள் 28 பேர், அதில் ஐந்து பேர் தென்னிந்தியர்கள். ஊர் நடுவே நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, 1992இல் வந்தது, கோபுரம் நம்மூர்க் கோபுரமேதான். மாஹே என்ற பெயர்கூட நமக்கு அந்நியமில்லை, 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி மாஹே த லா பூர்தொனேயின் பெயர்தான் இந்தத் தீவுக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினோம். கூட்டத்தில் நாத்திகன் ஒருவன் இருக்கிறான், அவனும் வந்து நின்றான், கடல் என்றால் அப்படித்தான்.

மாஹேயிலிருந்து பிராஸ்லின் வரை ஏறக்குறைய 45 கிலோமீட்டர், பாயில் போனால் நாலைந்து மணி நேரம். நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில். மே முதல் அக்டோபர் வரை இங்கே தென்கிழக்குக் காற்று, ஜூலை ஆகஸ்டில் அது உச்சத்தில் இருக்கும், டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்றும் மழையும், இடையில் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும் கடல் அமைதியாகிவிடும். பாய் விரித்து ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு செப்டம்பர் நல்ல சமரசம், காற்றும் இருக்கும், கடலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். பவளப்பாறை பார்க்க முங்குவதுதான் முக்கியம் என்றால் ஏப்ரல் அல்லது நவம்பர். பிராஸ்லின் வடகிழக்கில் இருப்பதால் தென்கிழக்குக் காற்று சரியாகப் பக்கவாட்டில் அடிக்கும், போகும்போதும் வரும்போதும் பாய்க்கு அது தோதான காற்று. எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு பாயும் விரிந்து படகு சாய்ந்து ஓடத் தொடங்கிய அந்த நிமிஷத்தில் எட்டுப் பேரும் கத்தினோம். அரை மணி நேரம் கழித்து மூன்று பேர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி. கேட்டமரான் குலுங்காது என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள், அதை நம்ப வேண்டாம். ஒற்றைக் கூட்டுப் படகு மாதிரி ஒரேயடியாகச் சாயாது, அது உண்மை. ஆனால் பக்கத்திலிருந்து அலை வந்தால் இரண்டு கூட்டுக்கும் நடுவே இருக்கிற தளத்தை, யாரோ அடியில் நின்று உலக்கையால் இடிப்பதுபோல, திடீர் திடீரென்று இடிக்கும், மேஜையில் இருக்கிற தம்ளர் எகிறும். அவோமின் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும், தலைசுற்ற ஆரம்பித்தபின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். கேபினுக்குள் போய்ப் படுக்காதீர்கள், வெளியே உட்கார்ந்து தூரத்துத் தீவைப் பாருங்கள்.

அந்த வழியில்தான் பின்னால் கட்டியிருந்த தூண்டிலில் சூரை விழுந்தது. ஸ்கிப்பர் படகின் பின்படியில் உட்கார்ந்து, கால் தண்ணீரில் நனைய, நாலு வெட்டில் அதைத் துண்டாக்கி, குடலை வீசிவிட்டு, ரத்தத்தை வாளித் தண்ணீரால் கழுவினார். எலுமிச்சையும் இஞ்சியும் தடவி அப்படியே ஒரு பங்கைப் பச்சையாக நீட்டினார். தின்றவர்கள் மூவர். மிச்சத்தை எங்கள் ராமநாதபுரத்துக்காரன் நங்கூரம் போட்டபின் குழம்பு வைத்தான், ஓடும்போது அடுப்பு பக்கமே போகக்கூடாது என்பது ஸ்கிப்பர் உத்தரவு. அவர் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அங்கேயும் மீனையும் கணவாயையும் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைக்கிறவர்கள்தான், ஆனால் புளிப்பு அவ்வளவு போடுவதில்லை. ஒரு எச்சரிக்கை, கடல் பூங்கா எல்லைக்குள் மீன் பிடிக்கக்கூடாது. தூண்டிலை அதற்கு முன்பே சுருட்டிவிட வேண்டும்.

எங்கே இரவு தங்குவது என்பதில்தான் அந்த மனிதரின் மதிப்பு தெரிந்தது. பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்தோம், முதல் ராத்திரி இங்கே, இரண்டாம் ராத்திரி அங்கே என்று. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். ஆன்ஸ் லாசியோ வடமேற்கைப் பார்த்த கடற்கரை, தென்கிழக்குக் காற்றில் குளம் மாதிரி இருக்கும், டிசம்பரில் அதே இடத்தில் ராத்திரி தூங்க முடியாது. லா டீக்கின் கிராண்ட் ஆன்ஸ் நேர்மாறு, நாங்கள் போன பருவத்தில் அலையும் இழுப்பும் அதிகம், தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம், இறங்கக்கூடாது. இணையத்தில் படத்தைப் பார்த்து இடம் குறிக்கிறவர்கள் அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று பார்ப்பதில்லை.

நங்கூரம் போடுவதை ஒரு வேலையாக உட்கார்ந்து கவனித்துப் பார்த்தேன். முதலில் தெளிந்த தண்ணீரில் வெளுப்பாகத் தெரிகிற மணல் திட்டைத் தேடுவார், கருப்பாகத் தெரிந்தால் பவளமோ பாறையோ, அங்கே போடக்கூடாது. ஆழம் 7 மீட்டர் என்றால் 35 மீட்டர் சங்கிலி இறங்கும். பிறகு எஞ்சினைப் பின்னால் மெதுவாக ஓட்டி, சங்கிலி விறைத்துக்கொள்கிறதா என்று கால் பாதத்தைச் சங்கிலி மேல் வைத்துப் பார்ப்பார். இழுபட்டால் சங்கிலி அதிரும், பிடித்துவிட்டால் சும்மா இருக்கும். அதோடு விடமாட்டார். முகமூடியைப் போட்டுக்கொண்டு குதித்து, நங்கூரத்தின் நாக்கு மணலுக்குள் புதைந்திருக்கிறதா என்று கீழே போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடைசியாகக் கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் பார்த்து வைத்துக்கொள்வார், பொழுது சாய்கிற நேரத்தில் அந்தக் கோடு விலகியிருந்தால் படகு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஜிபிஎஸ் அலாரமும் உண்டு, ஆனால் அவர் நம்பியது தென்னையைத்தான். பக்கத்தில் நின்ற இன்னொரு படகு ராத்திரி இரண்டு மணிக்கு இழுபட்டு எங்களை நோக்கி வந்தபோது முதலில் எழுந்து நின்றவரும் அவர்தான். டார்ச் அடித்து, கத்தி, அவர்களை எழுப்பி, ரப்பர் மிதவையை நடுவில் தொங்கவிட்டு, கையால் தள்ளி நிறுத்தினோம். அந்தப் படகில் ஸ்கிப்பர் இல்லை, நாலு இளைஞர்கள்.

க்யூரியூஸ். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் என்றால் நான் இதைச் சொல்வேன். கடல் பூங்கா, மிதவையில் கட்ட வேண்டும், காவலர்கள் படகில் வந்து கட்டணம் வாங்கிக்கொள்வார்கள், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பே லாரை என்கிற பக்கத்தில் இறங்கினால் ஆல்டாப்ரா ராட்சத ஆமைகள் புல் மேய்ந்துகொண்டு திரிகின்றன, வேலி எதுவும் கிடையாது. ஒன்றின் கழுத்தடியை விரலால் லேசாகச் சொறிந்துவிட்டேன். அது மெதுவாக நாலு காலையும் ஊன்றி எழுந்தது, கழுத்தை நீட்டிக்கொண்டே போனது, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அப்படியே நின்றது. சொறிவதை நிறுத்தினால் ஓட்டை அப்படியே தரையில் போட்டு உட்கார்ந்துவிடும், மறுபடி ஆரம்பித்தால் மறுபடி எழும். தோல் செருப்புத் தோல் மாதிரி காய்ந்திருக்கும் என்று நினைத்தேன், கழுத்தடியில் மெத்தென்று இருந்தது. அங்கிருந்து அலையாத்திக் காட்டுக்குள் பலகைப் பாதை, அப்புறம் ஒரு மேடு ஏறி இறங்கினால் தீவின் மறுபக்கத்தில் பழைய மருத்துவர் வீடு. 1965 வரை இந்தத் தீவில் தொழுநோயாளிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வீடு இப்போது சின்ன அருங்காட்சியகம்.

பகல் படகுகள் இருக்கும்போது அங்கே நிறையப் புகையும் வறுத்த மீனும் கூட்டமும். மூன்றரைக்கு மேல் ஒவ்வொன்றாகக் கிளம்பும். அதற்கப்புறம் நாங்கள் ஆளுக்கொரு தலையணையை எடுத்துக்கொண்டு படகின் முன்னால் கட்டியிருக்கும் வலையில் போய்ப் படுத்தோம், ஆறு மணிக்குப் பழந்தின்னி வௌவால்கள் தீவிலிருந்து பிராஸ்லின் பக்கம் பறந்து போயின, டேய் மச்சான் இதுக்குத்தான்டா காசு என்றான் ஒருவன். முந்தின நாள்வரை ஃபெரியே போதும் என்று சண்டை போட்டவனும் அவன்தான்.

பிராஸ்லினில் வாலே த மே காட்டைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, 20 ஹெக்டேருக்கும் கொஞ்சம் குறைவான சின்னக் காடு. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம், ஆனாலும் கொடுக்கலாம். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கடல் தேங்காய் என்கிறோமே, சாமியார்கள் கையில் வைத்திருக்கும் கருப்புத் திருவோடு, அது காய்க்கிற மரங்கள் இயற்கையாக நிற்பது உலகத்திலேயே பிராஸ்லினிலும் க்யூரியூஸிலும்தான். தாவர உலகின் மிகப் பெரிய விதை அது, ஒரு காய் 15 கிலோவிலிருந்து 30 கிலோ வரை தலைக்கு மேல் தொங்குகிறது. அரசு முத்திரையும் அனுமதிச் சீட்டும் இல்லாமல் காயை வாங்கினால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

செயின்ட் பியர் என்று பிராஸ்லின் பக்கத்தில் ஒரு பாறைக் குட்டித்தீவு இருக்கிறது, எல்லாப் படகும் அங்கே முங்க நிறுத்தும். மீன்கள் ஏராளம், பவளம் சுமார்தான். 1998இல் கடல் சூடானபோது இந்தத் தீவுகளைச் சுற்றிய உயிர்ப்பவளத்தில் 90 சதவீதம் வெளுத்து அழிந்தது, கொஞ்சம் தேறிவந்ததும் 2016இல் மறுபடி. பவளத்துக்காகவே இவ்வளவு தூரம் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும், வாடகை நிறுவனங்கள் இதைச் சொல்வதில்லை.

பிராஸ்லினிலிருந்து லா டீக் எதிர்க்காற்று. பாயெல்லாம் சுருட்டிவைத்துவிட்டு எஞ்சினில் போனோம். துறைமுகம் லா பாஸ் ரொம்பச் சின்னது, முன்னால் நங்கூரமும் பின்னால் கரைக்குக் கயிறுமாகப் படகுகளை நெருக்கி நெருக்கிக் கட்டுகிறார்கள். ஸ்கிப்பர் மத்தியானத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்று எங்களைக் காலைச் சாப்பாடுகூட ஒழுங்காகச் சாப்பிடவிடாமல் கிளப்பினார், கோபம்தான், ஆனால் இரண்டு மணிக்கு வந்த மூன்று படகுகள் இடமில்லாமல் வெளியே போய் ஆடிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆன்ஸ் சோர்ஸ் தார்ஜான், அந்த உலகப் புகழ் பெற்ற பாறைக் கடற்கரை, அங்கே படகைக் கொண்டுபோக முடியாது, கரையிலிருந்து பவளத் திட்டு வரைக்கும் இடுப்பளவு தண்ணீர். சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வழியில் இருக்கிற தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். படங்களில் இருப்பது மாதிரியேதான் இருக்கிறது, படம் எடுக்கிறவர்கள் வரிசையும் சேர்த்து.

கூஸான் தீவுக்குப் போவதாக இருந்தால் வார நாள் காலையில் மட்டும். 1968இல் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று விலைக்கு வாங்கிக் காப்பாற்றிய தீவு. எலி வந்துவிடக்கூடாது என்பதால் நம் டிங்கியைக் கரையில் விடமாட்டார்கள், அவர்கள் படகில் மாறி ஏற வேண்டும், அது வேகமெடுத்து நேராக மணலில் போய் ஏறும். வெள்ளை ஆலா கூடு கட்டாமல் வெறும் கிளையில் ஒற்றை முட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது, கைக்கெட்டும் உயரத்தில். கொசு கடிக்கும், மறந்துபோகாமல் மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

படகில் குடியிருப்பது பற்றிக் கொஞ்சம் நேராகப் பேசலாம். குடிதண்ணீர் தனி, டேங்கில் இருப்பது குளிக்கவும் கழுவவும், எங்கள் படகில் அது சில நூறு லிட்டர்தான், கடல்நீரைச் சுத்திகரிக்கும் கருவி இல்லை. ஒன்பது பேர் நம்மூர்ப் பழக்கத்தில் குளித்தால் ஒன்றரை நாளில் காலி. கடலில் குளித்து, சோப்புப் போட்டு, மறுபடி குதித்து, கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர், அவ்வளவுதான் கணக்கு. பாத்திரமும் முதலில் உப்புத் தண்ணீரில். முன்பதிவு செய்யும்போதே தண்ணீர்க் கருவி உண்டா என்று கேளுங்கள், கூடுதல் காசு என்றாலும் அதை எடுங்கள், குளிர்சாதனத்தை விட்டுக்கொடுத்தாவது. ஏசிக்கு ஜெனரேட்டர் ஓட வேண்டும், ஜெனரேட்டர் ஓடினால் அந்த ராத்திரி அமைதி எல்லாம் போச்சு. மேல் ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்று வரும், நடுராத்திரி தூறல் போட்டால் முகத்தில் விழும், எழுந்து மூட வேண்டும், அரை மணி நேரத்தில் வேர்க்கும், மறுபடி திறக்க வேண்டும். கழிவறையில் காகிதம் போடக்கூடாது. இதெல்லாம் ஒத்துவராதவர்களை, எவ்வளவு நெருங்கிய நண்பன் என்றாலும், அழைத்துப் போகாதீர்கள். கேபின் சுவர் மெல்லியது, குறட்டை முதல் தம்பதி சண்டை வரை எல்லாம் எல்லாருக்கும் கேட்கும். எட்டுப் பேருக்கு எட்டு இடம் இருக்கிறது என்றாலும் ஆறு பேர் போவதுதான் வசதி. காசு கூடும், பரவாயில்லை.

வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்வி கடற்கொள்ளையர். பயம் ஒரு காலத்தில் நியாயம்தான். 2009 அக்டோபரில் மாஹேயிலிருந்து சொந்தப் பாய்ப்படகில் கிளம்பிய பிரிட்டிஷ் தம்பதியை சோமாலியக் கொள்ளையர்கள் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். அவர்கள் நடுக்கடல் தாண்டிப் போகக் கிளம்பியவர்கள். நாம் சுற்றுகிற உள்தீவுகள் ஒன்றிலிருந்து ஒன்று கண்ணுக்குத் தெரிகிற தூரம், நடுவே ஃபெரி போய்வந்துகொண்டே இருக்கும். இன்னொன்று சுறா. 2011 ஆகஸ்டில் ஆன்ஸ் லாசியோவில் இருவர் சுறா தாக்கி இறந்தார்கள், அதன்பின் அங்கே வலை கட்டினார்கள். நாங்கள் அங்கே நின்ற நாளெல்லாம் நீந்தினோம், ஆனால் இருட்டியபின் தண்ணீரில் இறங்க ஸ்கிப்பர் யாரையும் விடவில்லை, மீன் கழுவிய இடத்திலும் குளிக்கவிடவில்லை. புயல் பயம் வேண்டாம், இந்த உள்தீவுகள் புயல் பாதைக்கு வெளியே.

ஸ்கிப்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். நிறுவனம் யாரை அனுப்புகிறதோ அவர்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் முன்பதிவின்போதே இந்தத் தீவுகளிலேயே பிறந்து வளர்ந்தவர் வேண்டும் என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள். நாங்கள் கேட்டோம், கிடைத்தது. கூடவே சமையலுக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, குழம்பு வைக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் அந்தக் காசை மிச்சம்பிடித்து ஸ்கிப்பருக்குக் கடைசியில் கொடுக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், யூரோவாகக் கொடுத்தோம், ரூபாய் என்றால் அங்கேயும் ரூபாய்தான், ஆனால் செஷல்ஸ் ரூபாய்.

மதிப்பெண் கேட்டால் ஸ்கிப்பருக்குப் பத்துக்குப் பத்து, கடலுக்கு ஒன்பது, படகுக்கு ஏழு, வாடகை நிறுவனத்துக்கு ஐந்து. ஐந்துகூடப் பம்பைச் சரிசெய்ய ஆள் அனுப்பியதற்காக. திரும்ப ஒப்படைக்கும்போது ஓர் ஆள் படகுக்கு அடியில் முங்கிப் பார்த்தார், இன்னொருவர் கரண்டி தட்டு எல்லாம் எண்ணினார், கடைசியில் டிங்கியின் அடியில் ஒரு கீறல் இருப்பதாகச் சொல்லி டெபாசிட்டில் ஒரு தொகையைக் கழிக்கப் பார்த்தார்கள். படகை வாங்கிக்கொண்ட அன்றே மூலை முடுக்கெல்லாம் வீடியோ எடுத்து வைத்திருந்தான் எங்கள் கோயம்புத்தூர்க்காரன், கீறல் அதில் பளிச்சென்று தெரிந்தது. அதைக் காட்டியதும் மேலே பேசவில்லை. பணம் முழுவதும் திரும்பி வந்தது, ஊருக்கு வந்து வெகுநாள் கழித்து, இரண்டு தடவை மின்னஞ்சல் அனுப்பியபின்.